டீலர் நீட்டும் சர்வீஸ் பட்டியல்: எதற்குத் தலையாட்டலாம், எதை வேண்டாம் எனலாம்

40,000 கி.மீ. சர்வீசுக்குக் காரை விடப் போனால், சிங்கப்பூரில் எந்த டீலரின் சேவை நிலையத்திலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சர்வீஸ் அட்வைசர் ஒரு பட்டியலைக் காட்டுவார். மேல் பாதியில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்ட்டர், பிரேக் சோதனை என வழக்கமானவை இருக்கும். கீழ்ப் பாதியில் ‘பரிந்துரை’ என்ற தலைப்பின்கீழ் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏர்கான் கிருமிநீக்கம், டிஸ்க் ஸ்கிம்மிங், டயருக்கு நைட்ரஜன் என்று வரிசையாக வரும். மேல் பாதிக்கு ஆகும் காசைவிடக் கீழ்ப் பாதிக்கு அதிகம் ஆவதும் உண்டு. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. இங்கே எடை போடப்படுவது அந்தப் பட்டியல்தான். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை வைத்து எழுதியதல்ல. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விற்கப்படும் வேலைகளைப் பற்றியது.

பட்டியலில் உள்ள எதற்கும் இரண்டே கேள்விகள் போதும். ‘இது உரிமையாளர் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ ‘அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?’ கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருந்தால் செய்ய வேண்டியதுதான். அட்டவணையில் இல்லாவிட்டாலும், பிரேக் பேட் 3 மி.மீ.தான் மிச்சம், பேட்டரி 12.2 வோல்ட்தான் காட்டுகிறது என்று ஓர் அளவு கையில் இருந்தால் அதுவும் நியாயமான காரணமே. இரண்டுக்கும் பதில் இல்லாமல் ‘செய்தால் நல்லது, எஞ்சின் ஸ்மூத்தாக ஓடும்’ என்றால், அந்த வரியைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

முதலில் வாரண்ட்டி பயத்தைத் தீர்த்துக்கொள்வோம்

கேட்டதற்கெல்லாம் பலர் சம்மதிப்பதற்குக் காரணம் வாரண்ட்டி போய்விடுமோ என்ற பயம்தான். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதை அடுத்து, 2017 டிசம்பரிலேயே இந்த விவகாரத்துக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. தங்கள் பணிமனையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இங்குள்ள டீலர்கள் வாரண்ட்டி நிபந்தனைகளிலிருந்து நீக்க ஒப்புக்கொண்டார்கள். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு நல்ல வெளிப் பணிமனையில் ஆயில் மாற்றினால் அதற்காக மட்டும் வாரண்ட்டியை மறுக்க முடியாது. வெளியே செய்த வேலையால்தான் அந்தப் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம்.

அதனால் ரசீது முக்கியம். தேதி, ஓடிய கி.மீ., ஊற்றிய ஆயிலின் தரம், எத்தனை லிட்டர், ஃபில்ட்டரின் பாக எண் ஆகிய ஐந்தும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘சர்வீசிங், 1’ என்று ஒரே வரியில் முடித்துவிட்ட ரசீது நாளைக்கு எதற்கும் உதவாது. அதிகாரபூர்வ டீலர் அல்லாமல் தனியாக இறக்குமதி செய்து விற்கும் பேரலல் இம்போர்ட்டர் வழி வாங்கிய காராக இருந்தால் மட்டும் கவனம் தேவை. அங்கே வாரண்ட்டியைக் கார் தயாரிப்பாளர் கொடுக்காமல் விற்பவரோ வேறொரு நிறுவனமோ கொடுப்பதுண்டு. அந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

எஞ்சின் ஆயில்: மறுக்கவே கூடாது, ஆனால் லிட்டரை எண்ணுங்கள்

இதில் பேரம் கிடையாது. 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட வழக்கமான ஜப்பானியக் காருக்குச் சுமார் 4 லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்ட்டரும் ட்ரெயின் பிளக்கின் வாஷர் ஒன்றும் வேண்டும். கையேடு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் தரத்தைச் சொன்னால் அதுவே போதும். நம் ஊர் சூட்டுக்கு இன்னும் கெட்டியான ஆயில் வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு மாற்றத் தேவையில்லை. கையேட்டிலேயே மாற்றுத் தரங்கள் குறிப்பிட்டிருந்தால் அவற்றுக்குள் தேர்ந்துகொள்ளலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதில்தான் குழப்பம். ஜூரோங்கிலிருந்து சாங்கிக்குத் தினமும் தீவு விரைவுச்சாலையில் ஓடும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடேறுகிறது, ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிவிடுகின்றன. அந்தக் காருக்குக் கையேட்டின் சாதாரண இடைவெளியே போதும். செங்காங்கிலிருந்து பொங்கோல் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிற்கும் காரின் நிலைமை வேறு. கி.மீ. குறைவாகத்தான் ஓடியிருக்கும், ஆனால் எஞ்சின் சூடேறுமுன்பே அணைந்துவிடுவதால் ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். ஏர்கானைப் போட்டுக்கொண்டு பயணிக்காகக் காத்திருக்கும் தனியார் வாடகைக் காருக்கும் இதே கதிதான்; மீட்டரில் ஏறாத மணிக்கணக்கு எஞ்சினில் ஏறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு வகைக்கும் ‘கடுமையான பயன்பாடு’ என்று கையேட்டில் தனியாகக் கொடுத்திருக்கும் குறுகிய இடைவெளியே சரி, பெரும்பாலும் ஆறு மாதம். டீலர் ஆறு மாதத்துக்கு ஒட்டிக் கொடுக்கும் ஸ்டிக்கர் எல்லாக் காருக்கும் பொய்யல்ல, எல்லாக் காருக்கும் மெய்யுமல்ல.

பில்லில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கையேடு 3.7 லிட்டர் என்றால் 5 லிட்டருக்குக் காசு வாங்கக் காரணமில்லை. டப்பாக் கணக்கு என்றால் மிச்சத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல், கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கலக்கி நுரையாக்கிவிடும். வண்டியை எடுத்ததும் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்தால் மேல் கோட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வாஷரை மாற்றாமல் பழையதையே முறுக்கியிருந்தால் இரண்டு மூன்று நாளில் நிறுத்துமிடத்துத் தரையில் சொட்டு தெரியும்.

எஞ்சின் ஃப்ளஷ் வேண்டாம். சீராக ஆயில் மாற்றிய எஞ்சினில் கழுவ ஒன்றும் இல்லை. ஆயில் மாற்றாமல் விட்டு உள்ளே சேறு கட்டிப்போன எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால், பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்ப்பின் வலையை அடைத்துவிடும் அபாயம் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பொன்னிறமோ இளம்பழுப்போ தெரிந்தால் நலம். தார் போல் கருப்பாகப் படிந்திருந்தால், அடுத்த சில மாற்றங்களை 3,000, 4,000 கி.மீ.க்கே செய்து மெல்ல மெல்லக் கரைப்பதுதான் பாதுகாப்பான வழி.

பிரேக் ஆயில்: யாரும் பெரிதாகப் பேசாத அவசியம்

‘பரிந்துரை’ப் பட்டியலில் உண்மையிலேயே செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சுமார் 3.7 விழுக்காடு ஏறியதும் அந்தக் குறைந்தபட்ச அளவு 155ஆக இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுக்கப் புழுங்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போய்விட்டு நான்கு பேரும் பெட்டிகளுமாக மலையிறங்கும்போதுதான் தெரியும். பிரேக்கை விடாமல் மிதித்தபடி வந்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் சூடேறி, ஆயிலில் உள்ள நீர் ஆவியாகிக் குமிழியாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அப்போது பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

தயாரிப்பாளர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்கிறார்கள், எத்தனை கி.மீ. ஓடினாலும் சரி. சிங்கப்பூருக்கு இரண்டு ஆண்டே பொருத்தம். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போதும். வேலை எப்படி நடக்க வேண்டும் என்றால், முதலில் தொட்டியில் உள்ள பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு கையேட்டில் சொன்ன சக்கர வரிசைப்படி பழைய ஆயிலை வெளியேவிடும் ஒவ்வொரு பிளீடர் நிப்பிளையும் திறந்து, தெளிந்த நிறம் வரும்வரை விட வேண்டும். நடுவில் தொட்டி காலியாகிவிடக் கூடாது. காற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மாட்யூலுக்குள் போனால் ஸ்கேன் டூல் வைத்துத்தான் வெளியேற்ற முடியும். தொட்டியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி மாற்றிவிட்டு முழு வேலைக்குக் காசு வாங்கும் பணிமனைகள் இருக்கின்றன. காலிப்பருக்குள் இருக்கும் பழைய ஆயில்தான் முதலில் கொதிக்கப் போவது, அது அப்படியே இருந்தால் செய்ததற்கு அர்த்தமில்லை.

பிரேக் பேட் புதிதில் 10 முதல் 12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடலாம். ‘பாதி தேய்ந்துவிட்டது, அடுத்த சர்வீஸ் வரை தாங்காது’ என்றால் நான்கு சக்கரத்துக்கும் மி.மீ. கணக்கில் கேளுங்கள். பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கைக் கடைசலில் கொடுத்துச் சீவ வேண்டும் என்பது தவறு. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினாலோ டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான வரி விழுந்திருந்தாலோதான் ஸ்கிம்மிங். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். சீவிய பிறகு அந்த அளவுக்குக் கீழே போகுமென்றால் புது டிஸ்க் போடுவதே சரி. நடுக்கத்துக்குக் காரணம் பல சமயம் வேறு: சக்கர நட்டை இம்பேக்ட் கன்னால் கண்டபடி இறுக்கியிருப்பார்கள். ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றுக்கு 100 நியூட்டன் மீட்டரையொட்டிய இறுக்கமே போதும், கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சால் நடக்கிறதா என்று பாருங்கள்.

சிவிடி ஆயில்: செய்ய வேண்டியது, தவறாகச் செய்யப்படுவது

இங்கே ஓடும் ஜப்பானியக் கார்களில் நிறைய சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக வேகவிகிதம் மாறும் ஆட்டோ கியர்பாக்ஸ் கொண்டவை. கையேடுகள் ஒரே மாதிரி சொல்வதில்லை. சில கி.மீ. கணக்கு கொடுக்கின்றன, சில ‘சோதிக்கவும்’ என்று மட்டும் சொல்கின்றன. ‘வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சொல்வதைக் கேட்டு விட்டுவிடுவது எங்கள் பார்வையில் சரியில்லை. சிவிடியில் எஃகு பெல்ட் இரண்டு புல்லிகளுக்கிடையே பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிமானத்தை ஆயிலின் உராய்வுத் தன்மைதான் தீர்மானிக்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும் காரில் ஆயில் சூட்டிலேயே கிடக்கிறது. 40,000 முதல் 60,000 கி.மீ.க்குள் ஒருமுறை மாற்றுவது நியாயமான செலவு.

ஆனால் மெஷின் வைத்து ‘ஃபுல் ஃப்ளஷ்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ட்ரெயின் செய்து நிரப்பச் சொல்லுங்கள். ஒருமுறை இறக்கினால் மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான், மூன்றரை நான்கு லிட்டர் போல், வெளியே வரும். அதனால்தான் சீராகச் செய்ய வேண்டும் என்பது. இறக்கியதை அளந்து, அதே அளவு ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை பி, ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, தயாரிப்பாளர் சொன்ன ஆயில் வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் ஆயில் கூடியோ குறைந்தோ நின்றுவிடும், வண்டி கிளம்பும்போது இழுக்காமல் தயங்கும்.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3, டொயோட்டாவுக்கு எஃப்இ என்று அந்தந்த மாடலின் கையேட்டில் பெயர் இருக்கும், அதே பெயர் பில்லிலும் இருக்க வேண்டும். ‘எல்லா சிவிடிக்கும் பொருந்தும்’ ஆயிலில் மிச்சமாகும் சில பத்து வெள்ளிக்கு எதிரே இருப்பது பல ஆயிரம் வெள்ளி கியர்பாக்ஸ். பெல்ட் வழுக்கிப் புல்லியில் கீறல் விழுந்தால் ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஏற்கெனவே நடுங்கும் கியர்பாக்ஸுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. வாரண்ட்டி இருக்கும்போதே நடுக்கம் தெரிந்தால் முதலில் புகாரை எழுத்தில் பதியுங்கள், ஆயில் மாற்றுவதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ஏர்கான், இன்ஜெக்டர், மற்றவை

ஏர்கானில் நாற்றம் வந்தால் டீலர் கிருமிநீக்கப் புகை போடச் சொல்வார். முதலில் கேபின் ஃபில்ட்டரைப் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய, கொரியக் கார்களில் கிளவ் பாக்ஸை இரு பக்கமும் அழுத்திக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஃபில்ட்டர். அம்புக்குறி காற்றோடும் திசையைப் பார்த்திருக்கும்படி புதியதைச் செருகினால் ஐந்து நிமிட வேலை. கடையில் வாங்கினால் இருபது முப்பது வெள்ளிக்குள் முடியும். புகைமூட்டக் காலத்துக்குப் பிறகு, கி.மீ. கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடலாம். நாற்றத்துக்கு மூலகாரணம் கூலிங் காயிலில் தங்கும் ஈரம். வீட்டை எட்டுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசி பொத்தானை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் காயில் உலரும். புகை போட்டால் சில வாரம் மணக்கும், ஈரம் இருக்கும்வரை பூஞ்சை திரும்ப வரும்.

‘கேஸ் டாப்-அப்’ என்ற வரியைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். ஏர்கான் மூடிய குழாய் அமைப்பு, கேஸ் சாதாரணமாகச் செலவாகாது. வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. முறையான வேலை: இருக்கும் கேஸை மெஷினால் எடுத்து எடை பார்ப்பது, அரை மணி நேரம் போல் வேக்குவம் பிடித்துக் கசிகிறதா என்று கவனிப்பது, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன கிராம் கணக்கில் திரும்ப நிரப்புவது. சிறு கார்களில் ஆர்134ஏ கேஸ் பெரும்பாலும் அரைக் கிலோவையொட்டித்தான் இருக்கும். புதிய கார்கள் சிலவற்றில் வரும் ஆர்1234ஒய்எஃப் பல மடங்கு விலை, கசிவைக் கண்டுபிடிக்காமல் அதை நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான்.

இன்ஜெக்டர் கிளீனிங்கை எடுத்துக்கொண்டால், உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிய வேண்டும். இன்டேக் பாதையில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் வால்வைப் பெட்ரோலே கழுவிவிடும். குறையில்லாமல் ஓடும் வண்டிக்கு ஒன்றும் தேவையில்லை. நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் வகையில் இன்டேக் வால்வில் கார்பன் படியும், அது உண்மை. ஆனால் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து அந்த வால்வைத் தொடவே தொடாது. படிவு அதிகமாகி எஞ்சின் குலுங்கினால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ய வேண்டும். டீலர் பட்டியலில் இருப்பது இதில் எது என்று கேட்டாலே பேச்சு தெளிவாகிவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குக் கிளீனிங், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் (ஐடிலிங்) தடுமாறினால் மட்டும். சுத்தம் செய்த பின் ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடிலிங் அளவைக் காரின் கணினிக்கு மறுபடி பழக்குவதைச் செய்யாவிட்டால் தடுமாற்றம் இன்னும் கூடும்.

கூலன்ட் பல டீலர்கள் சொல்வதைவிட நெடுங்காலம் உழைக்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட்டுக்கு முதல் மாற்றம் 160,000 கி.மீ., அதன்பின் 80,000. இங்கே உறைபனி இல்லைதான், அதற்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. துருத் தடுப்பும் கொதிநிலை உயர்வும் கூலன்ட்டால் வருவது. இரிடியம் ஸ்பார்க் பிளக்குக்கு 100,000 கி.மீ. வரை பேச்சில்லை. நைட்ரஜன் வேண்டாம், காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். மாதம் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் அழுத்தம் பாருங்கள். அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சு சாலையில் உப்புத் தூவும் நாட்டுக்கானது. பேட்டரி நம் சூட்டில் இரண்டு மூன்று ஆண்டுதான், அதை மாற்றச் சொன்னால் டெஸ்ட்டர் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைக்கும் ஐடில் ஸ்டாப் உள்ள காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும்.

பட்டியலில் பெரும்பாலும் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். டொயோட்டா ஹைபிரிட் பலவற்றில் பின் இருக்கையின் ஓரத்தில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கும், அதற்குள் சிறு வலை. தூசியும் முடியும் அடைத்துக்கொண்டால் பேட்டரி சூட்டில் வெந்து ஆயுள் குறையும். தனியார் வாடகைக்கு ஓட்டுபவர்கள் ஒவ்வொரு சர்வீசிலும் அதைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள். பயணியின் பை அந்தத் துவாரத்தை மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு முன், சான்றிதழ் முடியும் முன்

கார் மூன்று ஆண்டைத் தாண்டியதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து ஆண்டைத் தாண்டியதும் ஆண்டுதோறும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கட்டாயப் பரிசோதனை வரும். அதற்கென்று டீலர் விற்கும் தனிப் ‘பேக்கேஜ்’ சீராகப் பராமரித்த காருக்கு அவசியமில்லை. எண் தகட்டு விளக்கு உட்பட எல்லா விளக்கும் எரிகிறதா, டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, வைப்பர், ஹார்ன், சீட் பெல்ட் சரியா, முன்கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் 70 விழுக்காடு வெளிச்சம் விடுகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போகலாம். தேறாவிட்டால் எது தேறவில்லை என்று சீட்டில் எழுதித் தருவார்கள், அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

சிங்கப்பூரில் காரை வைத்திருக்கத் தேவையான, காலவரம்புள்ள வாகன உரிமைச் சான்றிதழ் முடிய ஓராண்டுதான் இருக்கிறது, காரைக் கைவிடப் போகிறோம் என்றால் கணக்கு மாறுகிறது. அரசாங்கத்திடமிருந்து திரும்ப வரும் கழிவுத் தொகை காரின் மினுமினுப்பைப் பார்த்து வருவதில்லை. பெயின்ட் பூச்சு, கூலன்ட், பிளக் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். பிரேக், டயர், ஆயில் மூன்றையும் கடைசி நாள்வரை விடக் கூடாது. சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு ஓட்டுவதென்றால், தள்ளிப்போட்டதையெல்லாம் அப்போதே செய்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ் இவற்றுக்கு முன்கூட்டியே காசு ஒதுக்க வேண்டும். ரப்பர் எல்லாம் பத்தாண்டுச் சூட்டில் இறுகியிருக்கும். புதுப்பிக்கும் தொகையைக் கட்டுவதற்கு முன்பே ஒரு வெளிப் பணிமனையில் காரைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு பாகத்துக்கும் விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பின்பெட்டியில் வைத்துத் தரும்படி வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.